‘கடன் தொல்லை’ என்ற இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

"கடன் தொல்லையால் விவசாயி தற்கொலை." செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிடும் செய்தி இது. படித்தவர்கள் பேசும்போது பேச்சு இரண்டில் ஒரு பக்கம் சாயும். "சக்திக்கு மீறி ஏன் கடன் வாங்கணும்?" என்பார் ஒருவர். "அரசு தள்ளுபடி செய்துவிட்டால் தீர்ந்தது" என்பார் இன்னொருவர். இருவருமே விவசாயக் கடனை, வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கித் தவணை கட்டுவது மாதிரி நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். விவசாயக் கடன் நடக்கும் விதமே வேறு. வயலை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்களுக்கும் புரியும்படி அதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு சம்பளம்

உங்களுக்கு மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் தேதி பணம் வரும். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அதை வைத்து ஓடும். இப்போது விதியைக் கொஞ்சம் மாற்றுவோம். சம்பளம் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான். எவ்வளவு என்பது வாங்கும் நாளில்தான் தெரியும். சில முறை ஒன்றுமே வராது. போதாததற்கு, வேலை பார்க்கத் தேவையான மேசை, கணினி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் முதல் நாளே நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். கடன் வாங்காமல் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள்?

விவசாயி நிற்கும் இடம் இதுதான். உழவு, விதை, நடவுக் கூலி, உரம், களையெடுப்பு, மருந்து, அறுவடை இயந்திர வாடகை என்று செலவெல்லாம் முன்னால் வரிசை கட்டி நிற்கும். வரவு கடைசியில் ஒரே தடவை. சம்பா நெல்லுக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். கரும்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம். இந்த இடைவெளியைக் கடக்க வாங்கும் பணத்துக்குத்தான் பயிர்க்கடன் என்று பெயர். கடைக்காரர் சரக்குப் பிடிக்க வாங்கும் பணத்தை யாரும் ஊதாரித்தனம் என்று சொல்வதில்லை. பயிர்க்கடனும் அந்த வகைதான். ஒரே ஒரு வித்தியாசம்: கடைக்காரர் தன் சரக்கின் விலையைத் தானே எழுதி ஒட்டுகிறார்; விவசாயி மண்டிக்குப் போய் "இன்னைக்கு என்ன விலை?" என்று கேட்கிறார்.

ஆகவே கடனில் இருப்பது அபூர்வமான நிலை இல்லை. தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் 2018-19 கணக்கெடுப்புப்படி இந்தியாவின் விவசாயக் குடும்பங்களில் 50.2 சதவீதம் கடனில் இருந்தன. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது 90 சதவீதத்துக்கு மேல். ஒரு குடும்பத்தின் சராசரி நிலுவை 74,121 ரூபாய். இந்தத் தொகையைப் பார்த்ததும் நகரத்தில் இருப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும்: ஒரு பைக்கின் விலைகூட இல்லையே, இதற்காகவா?

அதே கணக்கெடுப்பின் இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். அந்தக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கூலி வேலையிலிருந்து வந்தது 4,063 ரூபாய். விவசாயக் குடும்பம் என்று நாம் அழைக்கும் குடும்பம், பயிரைவிடக் கூலியில்தான் அதிகம் சம்பாதிக்கிறது. இந்த ஒரு விவரத்தை மட்டும் மனதில் வைத்திருந்தால் போதும், மீதி எல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

‘மூணு வட்டி’யின் கணக்கு

கிராமத்தில் வட்டியைச் சொல்லும் முறை வேறு. "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். வருடத்துக்கு 36 சதவீதம். "அஞ்சு வட்டி" என்றால் 60 சதவீதம். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மூன்று லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வருட வட்டி 7 சதவீதம். தவணைக்குள் திருப்பிக் கட்டினால் 3 சதவீதம் சலுகை கிடைத்து 4 ஆகிவிடும்; தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் அப்படிக் கட்டினால் வட்டியே இல்லை.

இதைக் கணக்காகப் பார்ப்போம். எளிமைக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் ஜனவரியில் மூணு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கிப் பயிர் வைக்கிறார். மழை ஏமாற்றிவிட்டது; ஜூன் மாதம் கைக்கு ஒன்றும் வரவில்லை. நிலத்தைச் சும்மா போட முடியாது, போட்டால் பழைய கடனை அடைக்க வழியே கிடையாது. அதனால் இன்னொரு லட்சம் வாங்கி அடுத்த பயிர் வைக்கிறார். டிசம்பரில் அமோகமான விளைச்சல், ஒன்றரை லட்சத்துக்கு விற்கிறது. ஒரு லட்சம் போட்டு ஐம்பதாயிரம் லாபம்! ஊரே நல்ல மகசூல் என்கிறது. இப்போது கடன் எவ்வளவு? முதல் லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 36,000. இரண்டாவது லட்சத்துக்கு ஆறு மாத வட்டி 18,000. ஆக மொத்தம் 2,54,000. விற்ற பணம் முழுவதையும் கொடுத்தாலும் 1,04,000 மிச்சம் நிற்கிறது.

ஒரு அடி வாங்கி, அடுத்து ஒரு நல்ல மகசூலும் எடுத்த பிறகு, முதலில் வாங்கியதைவிட அதிகக் கடனில் நிற்கிறார். இதில் அவர் வட்டிக்கு வட்டி கட்டவில்லை. அந்த ஒரு வருடமும் குடும்பம் சாப்பிட்டதற்கும் உடுத்தியதற்கும் நான் ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை.

இதையே 7 சதவீத வட்டியில் போட்டுப் பாருங்கள். மொத்தம் 2,10,500. விற்ற பணம் போக 60,500 மீதி. அடுத்த இரண்டு மூன்று நல்ல பருவத்தில் மீண்டுவிடலாம். அதே மழை, அதே நிலம், அதே உழைப்பு. எந்தக் கதவைத் தட்டிக் கடன் வாங்கினார் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

அப்படியானால் ஏன் எல்லோரும் வங்கிக்குப் போவதில்லை?

இந்தக் கேள்வியில்தான் விஷயத்தின் வேர் இருக்கிறது.

வங்கியும் சங்கமும் காகிதம் கேட்கும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்குச் சிட்டா, இந்தப் பருவத்தில் என்ன பயிர் நிற்கிறது என்பதற்கு அடங்கல். சொந்த நிலம் இருப்பவருக்கு இது அலைச்சல்தான், ஆனாலும் முடியும். குத்தகைக்கு உழுபவருக்கு? பெரும்பாலான குத்தகை வாய்ப்பேச்சில் நடக்கிறது. எழுதிக் கொடுத்தால் நாளைக்கு உரிமை கொண்டாடுவாரோ என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். எழுத்து இல்லாததால் உழுபவர் காகிதத்தில் விவசாயியே இல்லை. பயிர்க்கடன் நிலத்துக்காரர் பெயரில் போகிறது. வருடம் 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் உதவித்தொகையும் நில உரிமையாளருக்குத்தான். வெள்ளம் வந்தால் நிவாரணம்கூடப் பல இடங்களில் பட்டா வைத்திருப்பவர் கணக்குக்குப் போய்விடுகிறது. வயலில் இறங்கிச் செலவு செய்தவருக்கு மிஞ்சுவது குத்தகை பாக்கி.

அவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் வேறு. மனைவியின் நகை. உரக்கடை. மண்டி. உரக்கடைக்காரர் உரத்தையும் மருந்தையும் கடனுக்குத் தருவார். வட்டி என்று வாயால் சொல்ல மாட்டார், விலையில் ஏற்றிவிடுவார். மண்டிக்காரர் முன்பணம் தருவார், ஆனால் விளைச்சலைத் தன்னிடமே போட வேண்டும் என்பார். அப்புறம் அங்கே என்ன பேரம் பேச முடியும்? கடன் கொடுத்தவரே விலையையும் சொல்கிறார்.

சொந்த நிலம் உள்ளவரும் வங்கிக் கதவிலிருந்து வெளியே தள்ளப்படுவது உண்டு. குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் இரண்டு பருவம் தவறினால் அதை வாராக்கடன் என்று குறித்துவிடுவார்கள். வாராக்கடன் என்றால், திரும்பி வருவது சந்தேகம் என்று வங்கி தன் ஏட்டில் எழுதிக்கொள்வது. எழுதிய பிறகு புதுக் கடன் கிடைப்பது கடினம். வட்டிச் சலுகையும் தவணைக்குள் கட்டியவருக்குத்தான். ஆக, பயிர் நன்றாக விளைந்தவருக்கு 4 சதவீத வட்டி. பயிர் போனவருக்கு முதலில் சலுகை போகும், பிறகு கடனே போகும், கடைசியில் மூணு வட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டிவரும். மாவட்டத்தை வறட்சி பாதித்ததாக அறிவித்தால் தவணையை நீட்டிக்க வழி இருக்கிறது. ஆனால் ஒருவருடைய ஆழ்துளைக் கிணறு மட்டும் வற்றினால் எந்த அறிவிப்பும் வராது.

தவணை தவறக்கூடாது என்பதற்காகவே சிலர் வெளியில் சில நாளைக்குக் கைமாற்று புரட்டி, சங்கக் கடனைக் கட்டி, புதுக் கடன் வந்ததும் கைமாற்றை அடைப்பார்கள். ஏட்டில் கடன் அடைந்ததாகவும் மறுபடி வாங்கியதாகவும் இருக்கும். குடும்பத்துக்கு ஒரு காசும் வந்திருக்காது. நடுவில் கொடுத்த வட்டிதான் போயிருக்கும்.

இதுவரை சொன்னதைக் கோத்துப் பார்த்தால்: செலவு முன்னால், வரவு பின்னால் என்பதால் கடன் தவிர்க்க முடியாதது. வட்டி ஓடும் வேகம் நிச்சயம், வருமானம் நிச்சயமில்லை. மலிவான கடன் காகிதம் உள்ளவருக்கும் நட்டப்படாதவருக்கும்தான் எளிதாகக் கிடைக்கிறது. நட்டப்பட்டவரைத்தான் விலை உயர்ந்த கடன் வந்து பிடித்துக்கொள்கிறது.

இடத்துக்கு இடம் மாறும் அடி

மகாராஷ்டிரத்தின் விதர்ப்பா, குறிப்பாக யவத்மாள், அமராவதி மாவட்டங்கள், இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். அங்கே முக்கியப் பயிர் பருத்தி. பாசனம் மிகக் குறைவு, மழையை நம்பித்தான் விதைப்பு. பருத்தியைச் சாப்பிட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல் விளைந்தால் விலை இல்லாவிட்டாலும் வீட்டில் சோறு இருக்கும். பருத்தி விலை விழுந்தால் அன்றைக்கே சாப்பாட்டுக்கும் கடன்தான்.

தெலங்கானாவில் கதை நிலத்துக்கு அடியில் போகிறது. ஆழ்துளைக் கிணறு போடப் பணம் வேண்டும். நூற்றுக்கணக்கான அடி இறக்கியும் புகைதான் வந்தால் அந்தப் பணம் போனது போனதுதான். பக்கத்து வயலில் தண்ணீர் வந்திருக்கும், அதனால் இன்னொன்று போடத் தோன்றும். தண்ணீரே வராத குழிகளுக்கான கடனை, தண்ணீர் இல்லாத நிலத்திலிருந்து அடைக்க வேண்டும்.

நம் டெல்டாவில் 2016ஐ மறக்க முடியாது. வழக்கமாக ஜூன் 12 திறக்க வேண்டிய மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்கவில்லை, பிறகு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. காய்ந்த சம்பாவைப் பார்த்து நொறுங்கிப் போனவர்களின் இறப்புச் செய்திகள் அந்தக் குளிர்காலம் முழுவதும் வந்தன. அந்த ஆண்டு அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. பலருக்கு அது ஒரு வேடிக்கைக் காட்சியாகப் போய்விட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கணக்கில் யார் விவசாயி?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வொரு ஆண்டும் தற்கொலைகளைத் தொழில்வாரியாகப் பிரித்து வெளியிடுகிறது. 2022 அறிக்கையில் விவசாயத் துறையைச் சேர்ந்தவர்கள் 11,290 பேர். அதில் நிலத்தில் பயிர் செய்பவர்கள் 5,207 பேர், விவசாயக் கூலித் தொழிலாளர்கள் 6,083 பேர். கூலித் தொழிலாளர்கள்தான் அதிகம். ஆனால் நம் பேச்சில் அவர்கள் வருவதே இல்லை. பயிர் காய்ந்தால் நிலத்துக்காரருக்கு நட்டம். நடவும் களையும் அறுப்பும் இல்லாமல் போவதால் கூலிக்காரருக்கு அன்றைய அடுப்பு எரியாது. தள்ளுபடி செய்ய அவர் பெயரில் பயிர்க்கடனும் இருக்காது.

பயிர் செய்பவர்கள் என்று எண்ணப்பட்ட அந்த 5,207 பேரில் பெண்கள் 208 பேர். இதைப் பார்த்துப் பெண் விவசாயிகளுக்கு நெருக்கடி குறைவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நாற்று நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான், ஆனால் பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். இறந்துபோனால் ஏட்டில் ‘இல்லத்தரசி’ என்று எழுதப்படும் வாய்ப்புதான் அதிகம். மேற்கு வங்கம், பீகார் போன்ற சில மாநிலங்கள் விவசாயத் துறையில் ஒரு தற்கொலைகூட இல்லை என்று கணக்குக் கொடுக்கின்றன. அத்தனை பெரிய மாநிலங்களில் பூஜ்யம் என்பதை நம்புவது கடினம். எந்த எண்ணைப் படித்தாலும், விவசாயி என்று இங்கே யாரை எண்ணினார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கடன் எல்லோருக்கும் உண்டு, பிறகு ஏன் சிலர் மட்டும்?

பாதிக் குடும்பங்கள் கடனில் இருக்கின்றன. மிக மிகப் பெரும்பாலோர் வாழ்ந்துகொண்டும் போராடிக்கொண்டும்தான் இருக்கிறார்கள். எனவே கடன் மட்டும் ஒருவரைச் சாவுக்குக் கொண்டுபோகிறது என்று சொல்வது தவறு. பல பாரங்கள் ஒரே நேரத்தில் ஒருவர் மேல் இறங்குகின்றன. வீட்டில் திடீர் மருத்துவச் செலவு, பெண்ணின் கல்யாணம், குடிப் பழக்கம், அண்ணன் தம்பி நிலத் தகராறு. அதற்கு மேல் மானம். வங்கி நோட்டீஸ் ஒட்டப்படும் நாளும், கடன் கொடுத்தவர் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் நாளும், தொகையைவிட ஆழமாக வெட்டுகின்றன. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஊருக்குள் அன்றாடம் முகம் பார்க்க வேண்டியவர் மேல் யார் புகார் எழுதிக் கொடுப்பார்?

பல ஆண்கள் கடனின் முழு அளவை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. தனியாகச் சுமக்கிறார்கள். தூக்கம் போகிறது, பேச்சு குறைகிறது, டீக்கடைப் பக்கம் போவது நிற்கிறது. இது மனநலப் பிரச்சினைதான், சிகிச்சையும் ஆறுதல் பேச்சும் உதவும். கூடவே வட்டியும் குறைந்தாக வேண்டும். இரண்டில் ஒன்றை வைத்து இன்னொன்றை மறுப்பதில் பயனில்லை. உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இப்படி ஒரு இருட்டு வந்தால், 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ‘டெலி மானஸ்’ என்ற அரசின் இலவச உதவி எண் அது. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

தள்ளுபடி, காப்பீடு, ஆதார விலை: எது எந்த ஓட்டையை அடைக்கிறது?

2008இல் மத்திய அரசு நாடு தழுவிய கடன் தள்ளுபடி அறிவித்தது. இரண்டு ஹெக்டேர், அதாவது சுமார் ஐந்து ஏக்கர் வரை உள்ளவருக்கு முழுத் தள்ளுபடி; அதற்கு மேல் உள்ளவர் முக்கால் பங்கைக் கட்டினால் கால் பங்கு கழிவு. விதர்ப்பாவில் மழையை மட்டும் நம்பும் மானாவாரி நிலத்தில் ஏழெட்டு ஏக்கர் வைத்திருப்பவர், டெல்டாவில் தண்ணீர் பாயும் நஞ்சை இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரைவிட ஏழையாக இருக்கலாம். ஏக்கர் கணக்கு அதைப் பார்க்கவில்லை. தமிழ்நாடு 2021இல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. மூச்சுவிட இடம் கொடுத்தது உண்மை. தள்ளுபடியை வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எந்தத் தள்ளுபடியும் வங்கி, சங்கம் போன்ற நிறுவனங்களின் கடனைத்தான் தொடும். மூணு வட்டிக்காரரின் சிறு நோட்டைத் தொடாது. அடுத்த பருவம் வேறு விதமாக நடக்கவும் அது வழி செய்யாது.

பயிர்க் காப்பீடு மழையின் அடியைத் தாங்க வந்தது. 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரீப் (மழைக்கால) உணவு, எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி (குளிர்கால) பருவத்தில் அவற்றுக்கு 1.5, பருத்தி போன்ற பணப் பயிர்களுக்கு 5, மீதியை அரசுகள் கட்டுகின்றன. நல்ல ஏற்பாடுதான். சிக்கல் நட்டத்தை அளக்கும் முறையில் இருக்கிறது. பெரும்பாலான இழப்புகளுக்கு ஒவ்வொரு வயலையும் பார்க்க மாட்டார்கள். ஒரு பகுதியில் சில வயல்களை மட்டும் மாதிரியாக அறுத்து எடைபோட்டு, அந்தச் சராசரி குறைந்தால்தான் அந்தப் பகுதிக்கே இழப்பீடு. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை வைத்து ஒரு மாணவனின் தேர்ச்சியை முடிவு செய்வது போல. உங்கள் வயல் முழுக்கப் போயிருந்தாலும் ஊர் சராசரி தேறிவிட்டால் உங்களுக்கு எதுவும் வராது. ஆலங்கட்டி மழை போன்ற சில இழப்புகளைத் தனி வயலாகப் பார்க்க வழி உண்டு, அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

குறைந்தபட்ச ஆதார விலை விலைச் சரிவைத் தாங்க. இதற்குக் கீழே போகக் கூடாது என்று 22 பயிர்களுக்கு மத்திய அரசு ஒரு விலையை அறிவிக்கிறது. ஆனால் அரசு உண்மையில் வாங்கினால்தான் அது விலை. டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருப்பதால் நெல்லுக்கு அது ஓரளவு நிஜம். தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் பட்டியலிலேயே இடமில்லை. உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து விலை வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006இலேயே பரிந்துரைத்தது. செலவு என்பதில் சொந்த நிலத்தின் வாடகையையும் சேர்ப்பதா என்ற வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுருக்கமாக, தள்ளுபடி பழைய கடனுக்கு, காப்பீடு மழைக்கு, ஆதார விலை சந்தைக்கு. மூன்றும் காகிதம் உள்ளவரைத்தான் முதலில் சேர்கின்றன. வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரரும் கூலிக்காரரும் மூன்றிலும் ஓரத்தில் நிற்கிறார்கள்.

அவர் போன பிறகு கடன் எங்கே போகிறது?

பலர் நினைப்பதுபோல அது அவரோடு முடிவதில்லை. சட்டப்படி, வங்கிக் கடனுக்கு வாரிசுகள் தாங்கள் பெற்ற சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ஊர்க் கடனில் சட்டம் பேசுவோர் குறைவு. கருமாதி முடிந்ததும் மனைவியிடம் வந்து கேட்பார்கள். மகாராஷ்டிரத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் ஒரு குழு விசாரித்து அந்தச் சாவைத் ‘தகுதியுள்ளது’ என்று ஏற்க வேண்டும். நிலம் அவர் பெயரில் இருந்ததா, கடன் வங்கியிலா உரிமம் பெற்றவரிடமா, திருப்பிக் கேட்டு நெருக்கினார்களா என்று ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். உரிமமில்லாத வட்டிக்காரர் எந்தக் காகிதம் கொடுப்பார்?

தமிழ்நாட்டில் அந்தப் பெண் முதலில் இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், பிறகு வாரிசுச் சான்றிதழ், பிறகு பட்டா மாற்றம். மாமியாரோ கொழுந்தனோ கையெழுத்துப் போட மறுத்தால் அதுவும் நிற்கும். சிட்டா அவர் பெயருக்கு வரும்வரை சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்காது. அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும், நாற்றங்கால் விட வேண்டிய நாள் வந்துவிடும். கழுத்தில் இருக்கும் கடைசி நகையோடு அவர் அடகுக்கடைக்கோ, கணவர் கடன் வாங்கிய அதே உரக்கடைக்கோ போவார்.